கீழக்கரையில் வீட்டுக்கு வரும் நர்ஸ் சர்வீஸ்: உம்மாவின் பிக் லைனைப் பார்த்துக்கொண்டவர்கள் எப்படி?

ராமநாதபுரத்திலிருந்து கடற்கரை ஊர்களுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு சர்வீஸைப் பற்றி எழுதுகிறேன். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் இருந்து பலர் கேட்டுவிட்டீர்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன், நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன இடம் அது. வேண்டியவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வழக்கமாக வரும் மெயின் சிஸ்டர் வந்தால் நிம்மதியாக அடுப்படி வேலையைப் பார்க்கலாம், மாற்று ஆள் வந்தால் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. "வலிக்காமப் போடுறாங்க, சீக்கிரம் முடிச்சிடுறாங்க" என்பதை வைத்துத்தான் நல்ல நர்ஸ் என்கிறோம். நரம்பு வழியாக மருந்து போகும்போது அந்த இரண்டையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உம்மாவுக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் சிப்பி ஓடு குத்தியது தெரியவே இல்லை, நாங்கள் பார்க்கும்போது புண் எலும்பு வரை போயிருந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து, எலும்புத் துண்டை என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பிப் பார்த்ததில் மாத்திரைக்கு அடங்காத கிருமி என்று வந்தது. எர்டாபெனெம் என்ற ஊசி, தினம் ஒரு வேளை 1 கிராம், 6 வாரம். எலும்புக்குள் போன கிருமிக்கு அவ்வளவு நாள் வேண்டும் என்றார் டாக்டர். காக்கா (அண்ணன்) துபாயில், வாப்பாவுக்குத் தனியாக மதுரையில் தங்கி அலையத் தெம்பு இல்லை. அதனால்தான் உம்மாவின் கையில் பிக் லைன் என்ற குழாயைப் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள்.

வழக்கமாகப் புறங்கையில் குத்தி வைக்கும் சின்னக் குழாய், அதாவது வென்ஃப்ளான், ஏன் போதாது என்று கேட்டவர்களுக்கு: புறங்கையில் போட்ட ஊசி உம்மாவுக்கு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, இடம் சிவந்து, தொட்டால் எரிந்து, நரம்பு கயிறு மாதிரி தடித்துவிட்டது. வயதானவர்களுக்கும் நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கும் குத்திக் குத்தி நரம்பே கிடைக்காமல் போய்விடுகிறது. பிக் லைன் என்பது மேல்கையின் உட்புறத்தில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே நரம்புக்குள் விடும் மெல்லிய நீளக் குழாய். அக்குள் வழியாகப் போய், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் பெரிய நரம்பில் அதன் நுனி நிற்கும். அங்கே நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் ரத்தம் ஓடுகிறது, மருந்து விழுந்த உடனே கலந்து நீர்த்துவிடுவதால் நரம்பின் சுவர் புண்ணாவதில்லை. எக்ஸ்ரே எடுத்து நுனி சரியான இடத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முதல் மருந்தே போட்டார்கள். ஐசியுவில் கழுத்தில் போடுகிறார்களே அதுவும், கீமோவுக்கு நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கும் போர்ட்டும் இதே குடும்பம்தான், பராமரிப்பின் அடிப்படையும் ஒன்றுதான். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: சர்க்கரையால் கிட்னியும் கெட்டிருந்தால் பிக் லைன் போடலாமா என்று கிட்னி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். பிறகு டயாலிசிஸுக்குக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைக்க அதே கை நரம்புகள் வேண்டியிருக்கும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதைக் கொண்டு வரும் பெண்ணிடம்தான் முதலில் விசாரித்தேன். இது வேறு வேலை, பிக் லைன் கையாண்டு பழகிய நர்ஸைத் தேடுங்கள் என்று அவரே சொன்னார். பிறகு இந்த சர்வீஸின் நம்பர் கிடைத்தது. போன் எடுத்தவர் பணம் பேசுவதற்கு முன்னால் கேட்ட கேள்விகளே எனக்கு நம்பிக்கை தந்தன. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, லைன் போட்ட அன்றைய எக்ஸ்ரே ரிப்போர்ட், குழாயின் நீளம் எழுதிய கார்டு, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். முதல் டோஸ் ஆஸ்பத்திரியில் போட்டாயிற்றா, பென்சிலின் வகை மருந்துக்கு எப்போதாவது அலர்ஜி வந்ததா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்குக் காரணம் கேட்டேன். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையின் அளவை ரத்தத்தில் இந்த மருந்து குறைத்துவிடும், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம் என்றார். உம்மாவுக்கு அது இல்லை. ஆனாலும் கேட்டாரே, அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

நானும் கேட்டேன். வருபவர் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா, பையில் கடும் அலர்ஜிக்கு உடனே போடும் அட்ரினலின் ஆம்பூல் இருக்குமா என்று. இரண்டுக்கும் ஆமாம், பதிவு எண்ணையும் அனுப்பினார்கள். வீட்டில் நரம்பு ஊசி போட வருபவர் பையில் அட்ரினலின் இல்லை என்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பத்து நாள் ஒத்துக்கொண்ட மருந்துகூட ஒரு நாள் ஒவ்வாமல் போகலாம், 108 ராமநாதபுரத்திலிருந்து வந்து சேரும் வரை அந்த ஒரு ஆம்பூல்தான் துணை.

மெயின் சிஸ்டர் தங்கச்சிமடத்துப் பெண், முன்பு மதுரையில் ஐசியுவில் வேலை பார்த்தவர். முதல் நாள் வந்ததும் உம்மாவின் கையைத் தொடவில்லை. சின்ன மேஜை ஒன்றைக் கேட்டு வாங்கி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், பொருட்களை வரிசையாக எடுத்து வைத்தார், கை கழுவினார். மோதிரம், வளையல் எதுவும் இல்லாத கை. விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று தேய்த்துக் கழுவிவிட்டுக் குழாயைத் துணியால் பிடித்து மூடினார். அப்புறம் உம்மாவிடம் பெயரைக் கேட்டார். "என் பேரு தெரியாமலா வந்தே?" என்றார் உம்மா. "தெரியும்மா, ஆனா ஒவ்வொரு தடவையும் நீங்க சொல்லணும், நான் சீட்டோட ஒத்துப் பார்க்கணும்" என்று சிரித்தார். கடைசி நாள் வரை கேட்டார். மருந்து பாட்டிலின் பெயர், அளவு, எக்ஸ்பைரி தேதி மூன்றையும் வாய்விட்டுப் படித்து எனக்கும் காட்டினார்.

பார்க்க வேண்டிய முக்கியமான இடம் இனிமேல்தான். குழாயின் வெளி முனையில் ஊசியில்லாமல் சிரிஞ்சைத் திருகும் ஒரு சின்ன கனெக்டர் இருக்கும். கிருமி உள்ளே போகும் வாசல் அதுதான், உள்ளே போனால் தோலில் நிற்காது, நேரே இதயத்துக்குப் பக்கத்தில் போய் ரத்தத்தில் கலக்கும். சிஸ்டர் ஸ்பிரிட் வைப்பைப் பிரித்து அந்த முனையை 15 நொடி அழுத்தித் திருகித் திருகித் தேய்த்தார். மேலே, ஓரத்தில், மரை இருக்கும் இடத்தில். தேய்த்து முடித்ததும் கையில் பிடித்தபடியே காயவிட்டார். வாயால் ஊதவில்லை, விசிறவில்லை, எங்கும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். ஈரம் காய்ந்து முடிந்தால்தான் ஸ்பிரிட் முழுதாக வேலை செய்யும் என்றார். சலைன் போடும் முன், மருந்து பாட்டிலை மாட்டும் முன், முடிந்து மறுபடி சலைன் போடும் முன் என்று ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புது வைப், அதே 15 நொடி. யாரும் பார்க்காவிட்டாலும் அதே 15 நொடி, நான் ஹாலில் இருந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஃபிளஷ், அதாவது சலைன் விட்டுக் குழாயைக் கழுவுவது. 10 மில்லி சிரிஞ்சில் சலைன், காற்றுக் குமிழ் இல்லாமல். மாட்டிவிட்டு முதலில் லேசாகப் பின்னுக்கு இழுப்பார், குழாயில் ரத்தம் எட்டிப் பார்க்கும். நுனி நரம்புக்குள் திறந்த இடத்தில் இருக்கிறது, அடைப்பு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ரத்தம் வந்த பிறகுதான் தள்ளுவார், அதையும் ஒரே மூச்சில் இல்லை: கொஞ்சம் தள்ளி நிறுத்தி, கொஞ்சம் தள்ளி நிறுத்தி. அப்படிச் செய்தால் உள்ளே சலைன் சுழன்று குழாயின் சுவரில் ஒட்டியிருப்பதைக் கழுவிக்கொண்டு போகும். கடைசி அரை மில்லி போய்க்கொண்டிருக்கும்போதே குழாயை நெருக்கி மூடும் கிளாம்ப்பைப் பூட்டிவிடுவார், இல்லையென்றால் சிரிஞ்சை எடுக்கும்போது ரத்தம் பின்வாங்கி நுனியில் உறைந்துவிடும். சில மருத்துவமனைகளில் கடைசியாக ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடச் சொல்வார்கள், எங்களுக்கு டாக்டர் சலைன் மட்டும் போதும் என்று எழுதியிருந்தார்.

மருந்து கலப்பதையும் எங்கள் கண் முன்னாலேதான் செய்தார். இந்த மருந்தைக் கலந்துவிட்டால் சாதாரண அறை வெப்பத்தில் 6 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும், குளுக்கோஸ் பாட்டிலில் கலக்கவே கூடாது, சலைனில் மட்டும்தான். எங்கேயோ கலந்து எடுத்து வந்த பாட்டிலை யாராவது மாட்ட வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கலக்காத பொடியை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே இருக்கிறது. நம் ஊரில் ஃபேன் ஓடும் அறைகூட சித்திரை, வைகாசியில் அதைத் தாண்டிவிடும். அதனால் ஏசி போட்ட அறையின் அலமாரியில் வைத்தோம், மொத்தமாக வாங்காமல் சில நாளுக்கு மட்டும் ராமநாதபுரத்து மருந்துக் கடையிலிருந்து வாப்பா வாங்கி வந்தார்.

100 மில்லி சலைனில் கலந்து 30 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். வீட்டில் பம்ப் மெஷின் கிடையாது, சொட்டு எண்ணித்தான் வைக்க வேண்டும். சாதாரண ஐவி செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 100-ஐ 20-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 67 சொட்டு வருகிறது, அதாவது 15 நொடிக்குப் பதினேழு. சிஸ்டர் கடிகாரத்தை சொட்டு விழும் அறைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எண்ணுவார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைத் துளி நகர்த்துவார், மறுபடி எண்ணுவார். உம்மா கையை மடக்கினால் வேகம் மாறிவிடும் என்பதால் நடுவிலும் ஒரு தடவை எண்ணுவார். குழந்தைகளுக்கு மாட்டும் மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி, செட் மாறினால் கணக்கே மாறும், கவரைப் படிக்காமல் மாட்டக் கூடாது என்று எனக்கும் சொல்லித் தந்தார். சில மருந்துகளில் வேகம் உயிர் விஷயம். வான்கோமைசின் 1 கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும், பிரஷர் இறங்கும். பொட்டாசியத்தை நேரடியாக சிரிஞ்சில் தள்ளினால் இதயமே நின்றுவிடும்.

பாட்டில் காலியானதும் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். இவர் கழற்றவில்லை. பாட்டிலிலிருந்து கை வரைக்கும் உள்ள அந்த நீளக் குழாய்க்குள் இன்னும் பத்து மில்லிக்கு மேல் மருந்து நிற்கிறது, 100 மில்லியில் அது பத்தில் ஒரு பங்கு. தினம் பத்தில் ஒரு பங்கைக் குப்பையில் போட்டால் 6 வார மருந்தில் எவ்வளவு வீண் என்று பாருங்கள், கிருமியும் சாகாது. கொஞ்சம் சலைன் விட்டு அந்த மிச்சத்தையும் அதே வேகத்தில் உள்ளே அனுப்பிவிட்டுத்தான் கழற்றுவார். இந்த ஒரு வேலைக்காகவே இந்த சிஸ்டருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று காக்காவிடம் சொன்னேன்.

டிரஸ்ஸிங் விஷயத்தில்தான் கடற்கரை ஊர் பாடு தெரிந்தது. குழாய் தோலைத் துளைக்கும் இடத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒட்டு போட்டிருப்பார்கள், டெகடெர்ம் என்று கேட்டால் கிடைக்கும். 7 நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அடியில் காஸ் துணி வைத்திருந்தால் 2 நாளுக்கு ஒரு முறை, ஓரம் தூக்கினாலோ நனைந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே. இங்கே உப்புக்காற்று, புழுக்கம், வியர்வை, மூன்றும் சேர்ந்து ஓரம் தூக்கிக்கொண்டே இருந்தது. டிரஸ்ஸிங் மாற்றும்போது தூசி பறக்கக் கூடாது என்று ஃபேனை நிறுத்தச் சொல்வார், நிறுத்தினால் உம்மாவுக்குக் கை முழுக்க வியர்க்கும், ஈரத்தோலில் ஒட்டு நிற்காது. ஏசி அறையில் செய்யலாமே என்றால் மருந்து வைத்த அறை சின்னது, மேஜை போட்டு நிற்க இடமில்லை. சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். டிரஸ்ஸிங் நாளில் மட்டும் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு, வெயில் ஏறும் முன் வருவார். அதற்கு ராமநாதபுரத்திலிருந்து 17 கிலோமீட்டர் இருட்டில் ஸ்கூட்டியில் கிளம்ப வேண்டும். கிளம்பி வந்தார்.

பழைய ஒட்டைக் குழாய் நுழையும் திசையிலேயே மெதுவாக உரிப்பார், எதிர்த்திசையில் இழுத்தால் குழாயும் கூட வந்துவிடும். உம்மாவுக்கும் மாஸ்க், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளச் சொல்வார். ஸ்டெரைல் கையுறை போட்டு, 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் 30 நொடி முன்னும் பின்னும் தேய்த்து, முழுதாகக் காயவிட்டு, அப்புறம்தான் புது ஒட்டு. ஒட்டும் முன் டேப் வைத்து இரண்டு அளவு எடுப்பார்: தோலுக்கு வெளியே குழாய் எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது, மேல்கையின் சுற்றளவு எவ்வளவு. வெளியே தெரியும் நீளம் கூடினால் நுனி இடம் மாறிவிட்டது, மருந்து போடாமல் எக்ஸ்ரேக்குப் போக வேண்டும். கை சுற்றளவு கூடினால் நரம்பில் ரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டையும் எங்கள் வீட்டு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவே கூடாது என்று கதவில் ஒரு தாளும் ஒட்டினார்.

உம்மாவுக்குப் பெரிய கவலை தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவைப் பற்றி. முழங்கை வரை கழுவ வேண்டுமே, குழாய் அதற்குச் சற்று மேலே இருக்கிறதே, தண்ணீர் பட்டுவிட்டால்? சிஸ்டர் நம் ஆள் இல்லை, ஆனால் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார். ஒளுவுக்கு முன்னால் டிரஸ்ஸிங்கைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மேலும் கீழும் டேப் ஒட்டச் சொல்லித் தந்தார், கையைத் தாழ்த்தி வைத்துக் கழுவினால் தண்ணீர் விரல் பக்கம்தான் ஓடும், மேலே ஏறாது என்று பேசினில் வைத்தே காட்டினார். உம்மா ஒரு வக்துகூட விடாமல் தொழுதார். குளியலுக்கும் அதே வழிதான். கடலில், குளத்தில் இறங்கவே கூடாது. ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வரும் நோயாளிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், லைன் கையில் இருக்கும்வரை அக்னி தீர்த்தமும் வேண்டாம், கிணற்றுத் தீர்த்தமும் வேண்டாம்.

இதயத்துக்குப் பக்கத்தில் குழாய் இருக்கிறது என்பது தெரிந்ததிலிருந்து உம்மா தூங்கவில்லை. அதற்கும் சிஸ்டர் ஒரு கதை சொன்னார். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கை நரம்பு வழியாகத் தானே ஒரு குழாயை இதயம் வரை செலுத்தி, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்தாராம், 1956-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்ததாம். "அவரு இதயத்துக்குள்ளேயே விட்டாரு, உங்களுக்கு வாசலோட நிறுத்தியாச்சு" என்றதும் உம்மா சிரித்துவிட்டார்.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபோது ஒரு தொல்லை. "குழாய்தான் தயாரா இருக்கே, அப்படியே ஒரு சத்து பாட்டில் ஏத்திவிடும்மா, தெம்பா இருக்கும்" என்று மாமி ஒருவர் சிஸ்டரிடம் காசையே நீட்டினார். சிஸ்டர் வாங்கவில்லை. டாக்டர் எழுதாத எதுவும் இந்தக் குழாயில் போகாது, ஒவ்வொரு முறை திறப்பதும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு, சர்க்கரைக்காரருக்கு குளுக்கோஸ் பாட்டில் தெம்பு தராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். சோர்வாக இருந்தால் பாட்டில் ஏற்றிக்கொள்வது நம் பக்கத்தில் பழக்கமாகிவிட்டது, அதை மறுத்துச் சொல்ல ஒரு நர்ஸுக்குத் துணிச்சல் வேண்டும்.

இப்போது குறை. மெயின் சிஸ்டருக்கு லீவு வந்த அன்று வேறொரு பெண்ணை அனுப்பினார்கள், முன்கூட்டி எங்களிடம் சொல்லவில்லை. மண்டபத்தில் அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்று அவசரத்தோடு வந்தார். கனெக்டரை ஒரு தடவு தடவினார், காயவிடவில்லை. 2 மில்லி சிரிஞ்சில் சலைன் எடுத்தார். இழுத்துப் பார்த்தார், ரத்தம் வரவில்லை, அப்படியே தள்ள ஆரம்பித்தார். தள்ள முடியாமல் கட்டைவிரல் வெளுத்தது. "நிறுத்துங்க" என்றேன். "ஒண்ணும் இல்லக்கா, கொஞ்சம் அழுத்தினா போயிடும்" என்றார். அழுத்தக் கூடாத இடம் அதுதான். சிரிஞ்சு சின்னதாக இருக்க இருக்க உள்ளே அழுத்தம் கூடும், 2 மில்லி சிரிஞ்சை வைத்து அடைத்த குழாயைத் தள்ளினால் குழாய் வெடிக்கலாம், அல்லது நுனியில் இருக்கும் ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மெயின் சிஸ்டருக்கு வீடியோ கால் போட்டேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்: கிளாம்ப் திறந்திருக்கிறதா, ஒட்டுக்கு அடியில் குழாய் மடங்கியிருக்கிறதா, 10 மில்லி சிரிஞ்சுக்கு மாற்றுங்கள், உம்மாவை மூச்சை இழுத்து இருமச் சொல்லுங்கள், கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். கையைத் தூக்கியதும் ரத்தம் வந்துவிட்டது. வந்திருக்காவிட்டால் அன்று மருந்து போடாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அங்கே அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது, வீட்டில் பலப்பரீட்சை செய்யக் கூடாது என்றார்.

அன்று சாயங்காலம் ஆபீஸுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நடத்துபவர் சாக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண் அடுத்த சில விசிட்டுகளுக்கு மெயின் சிஸ்டரோடு வந்து, அவர் முன்னாலேயே ஒவ்வொன்றையும் செய்து காட்டினார், பிறகு நன்றாகவே செய்தார். திருத்திக்கொண்டது நல்லதுதான். ஆனால் பிக் லைன் கேஸுக்குப் பழகாத ஆளை முதலில் அனுப்பியிருக்கவே கூடாது. என் கண் அந்த நேரம் அங்கே இருந்ததால் தப்பித்தது, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு யார் நிறுத்தச் சொல்வார்கள்?

காசு: ஒரு விசிட்டுக்கு 600 ரூபாய், டிரஸ்ஸிங் நாளில் 900, மருந்தும் சாமானும் தனி. கீழக்கரை வரை பெட்ரோல் போட்டு வருவதற்கு நியாயமான தொகை. சாமான் பில்தான் சரியில்லை, மொத்தமாக ஒரு தொகை எழுதுகிறார்கள், பிரித்துக் கேட்டால்தான் தருகிறார்கள். முதல் நாளே கேட்டு வாங்குங்கள். சலைன் நிரப்பியே வரும் சிரிஞ்சு விலை கூடுதல், ஆனால் சுத்தமான வழி. பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு சலைன் பாட்டிலைத் திறந்து ஃபிரிட்ஜில் வைத்து நாலைந்து நாள் அதிலிருந்தே எடுப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன், கூடவே கூடாது, ஒரு தடவை திறந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஊசி, ஆம்பூல் துண்டு எதையும் எங்கள் குப்பையில் போடவில்லை, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் ஊசியும், சிவப்புப் பையில் டியூபும், மஞ்சள் பையில் பஞ்சும் போட்டு அவர்களே எடுத்துப் போனார்கள். குப்பை அள்ளும் நகராட்சி ஆட்களின் கையை நினைத்தால் இதற்குத் தனியாகவே நன்றி சொல்ல வேண்டும்.

வீட்டு ஆட்களுக்கு ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்று சொல்லித் தருவதும் இவர்கள் வேலையில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு உபரி கிளாம்ப்பை உம்மாவின் தலைமாட்டிலேயே கட்டிவிட்டார். குழாய் கிழிந்தாலோ மூடி கழன்றாலோ, கிழிந்த இடத்துக்கும் உடம்புக்கும் நடுவில் உடனே மடக்கிப் பூட்ட வேண்டும், காற்று உள்ளே போனால் இதயத்தில் அடைத்துக்கொள்ளும். மூச்சு வாங்கினால் இடது பக்கமாகச் சாய்த்துத் தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். சலைன் போட்ட கொஞ்ச நேரத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது, குழாயில் கிருமி சேர்ந்திருக்கலாம், குழாயிலிருந்தும் வேறு கையிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பார்க்க வேண்டும். அந்தக் கை வீங்கினாலும், கழுத்தோ தோளோ வலித்தாலும் அதே அவசரம். எங்களுக்கு இது எதுவும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வாரத்துக்கு ஒரு முறை கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் மற்ற ரத்தப் பரிசோதனைகளும் பார்த்து ரிப்போர்ட்டை மதுரை டாக்டருக்கு அனுப்பினோம், கிட்னி சுணங்கினால் இந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும்.

மருந்து முடிந்து டாக்டர் எழுத்தில் ஆர்டர் கொடுத்த பிறகு குழாயை எடுத்ததும் மெயின் சிஸ்டர்தான். உம்மாவைச் சமமாகப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, மெதுவாக, குழாய் எங்காவது பிடித்து இழுப்பது தெரிந்தால் நிறுத்தி, எடுத்தார். காஸ் வைத்து அழுத்தி, காற்றுப் புகாத ஒட்டு போட்டு, ஒரு நாள் முழுக்கப் பிரிக்கக் கூடாது என்றார். எடுத்த குழாயைத் துணியில் வைத்து அளந்து, கார்டில் எழுதியிருந்த 38 சென்டிமீட்டரோடு ஒத்துப் பார்த்து, நுனி முழுதாக இருக்கிறது என்று எங்களுக்கும் காட்டினார். புண் இப்போது ஆறி வருகிறது.

ஆன்டிபயாடிக் ஊசி, லைன் பராமரிப்பு, டிரஸ்ஸிங் இவற்றுக்கு இந்த சர்வீஸைத் தாராளமாகக் கூப்பிடலாம். கீமோ மருந்துக்கும் ரத்தம் ஏற்றவும் கூப்பிடாதீர்கள், அவர்களே வர மாட்டோம் என்பார்கள், அது சரியான முடிவு. புக் செய்யும்போதே லீவு நாளில் யார் வருவார், அவர் பிக் லைன் எத்தனை கையாண்டிருக்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்று ஆள் வருவதாக இருந்தால் முந்தின நாளே போன் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், எங்களுக்குப் பிறகு அப்படிச் செய்கிறார்களாம். ஏர்வாடி சந்தனக்கூடு சமயத்தில் ரோடு நெரிசலில் நேரத்துக்கு வந்து சேர முடியாது, அந்த நாட்களுக்கு மட்டும் காலை முதல் விசிட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.